முடிச்சில்லாத சாலை

வெள்ளைப்பாறை வளைவில் நிற்கும் நெடுங்கண் என்ற கேமரா மாலை ஆறரைக்குத் திறக்கும், காலை ஐந்தரைக்கு மூடும். பதினோரு மணி நேரத்துக்கும் சேர்த்து ஒரே படம். செவ்வாய்க்கிழமை இரவு விழுந்த படத்தில் அர்த்தநாரியின் லாரி ஒரு முடிச்சாகப் பதிந்திருந்தது. அந்த முடிச்சுக்காகத்தான் அவர் வெள்ளிக்கிழமை காலை இழை அலுவலகத்தின் பெஞ்சில், ஆளைக் கொன்றவன் என்ற பட்டத்தோடு உட்கார்ந்திருந்தார்.

இந்த நெடுங்கண் வந்த கதையை நினைத்தாலே வயிறு எரிகிறது. ஒரு காலத்தில் மூலைக்கு மூலை கேமரா இருந்தது. கோடிக்கணக்கான முகங்கள் எவன் கைக்கோ போய்விட்டன என்று ஒருநாள் தெரிந்ததும் ஊரே கொந்தளித்தது. முகமறைப்புச் சட்டம் வந்தது. பொதுச் சாலையில் மனித முகமோ, உருவமோ, வண்டி எண்ணோ எந்தப் படத்திலும் விழக்கூடாது. கேமராக்களைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போட்டார்கள். இரண்டு வருடம் போலீஸ் கையைப் பிசைந்துகொண்டு நின்றது.

அப்புறம் யாரோ ஒரு மூளைக்காரருக்குப் பழைய வித்தை ஒன்று ஞாபகம் வந்தது. இரவில் பாலத்தின் மேல் முக்காலியை வைத்து, கேமராவின் கண்ணை மூடாமல் அப்படியே திறந்து விட்டால் என்ன ஆகும்? ஓடும் வண்டிகள் மறைந்துபோகும். அவற்றின் விளக்குகள் மட்டும் நீள நீளமான கோடுகளாக விழும். முன்விளக்கு வெள்ளைக் கோடு, பின்விளக்கு சிவப்புக் கோடு. நடந்து போகிற மனிதனிடம் விளக்கு ஏது? அவன் விழவே மாட்டான். சட்டம் கேட்டதும் அதைத்தானே! ஆகா, எவ்வளவு நாகரிகமான வேவு!

மிச்ச வேலை சுலபமாக நடந்தது. எவ்வளவு ஒளி விழுந்தாலும் நிரம்பாத ஒரு தட்டைக் கண்டுபிடித்தார்கள். எல்லா வண்டி விளக்குகளும் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்க வேண்டும் என்று உத்தரவு போட்டார்கள். அந்தத் துடிப்பு படத்தில் சின்னச் சின்ன வெட்டுகளாக விழும். எந்த வண்டி, எந்த நொடி, என்ன வேகம் என்பதெல்லாம் அந்த வெட்டுகளில் இருக்கும். ஓர் இரவின் ஆயிரத்தைந்நூறு கோடுகளையும் இழைபிரிப்பான் என்ற இயந்திரம் ஏழு நிமிடத்தில் தனித்தனியாகப் பிரித்துக் கையில் கொடுத்துவிடும். தறி ஓடுகிற ஊர் இது. அதனால் கோட்டுக்கு இழை என்று பெயர் ஒட்டிக்கொண்டது. வண்டி நின்றால் விளக்கு ஒரே இடத்தில் எரிந்து கொழகொழவென்று ஒரு பொட்டாக விழும். அதற்கு முடிச்சு என்று பெயர்.

ஒரே ஒரு இடைஞ்சல்தான் இருந்தது. தெருவிளக்குகளின் வெளிச்சம் படத்தை வெளுக்கச் செய்தது. என்ன செய்தார்கள் தெரியுமா? தெருவிளக்குகளைப் பிடுங்கிவிட்டார்கள். சாலையை நன்றாகப் பார்ப்பதற்காகச் சாலையையே இருட்டாக்கிய புத்திசாலிகள் நம் ஆட்கள்! அலுவலக ஊழியர்களுக்கும் ஒரு விதி உண்டு. நெடுங்கண்ணுக்கு நூறு மீட்டருக்குள் வேலையாகப் போனால் வண்டி விளக்கை அணைத்துவிட வேண்டும். போனையும் அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் படத்தில் கிறுக்கல் விழும். அந்த விதியை எழுதியவர் மாவட்ட இழை அலுவலர் நாச்சிமுத்து. தன் மாவட்டத்துப் படங்கள் கறையில்லாமல் இருக்க வேண்டும் என்பதில் அவருக்கு ஒரு வெறியே இருந்தது.

அந்த நாச்சிமுத்துதான் இப்போது மேசைக்குப் பின்னால் இருந்தார். அவருக்குப் பக்கத்தில் படத்தோடு இருந்தவள் இழைபடிப்பாளர் சிந்துஜா. எட்டு வருட அனுபவம், கெட்டிக்காரி என்று பெயர்.

"எத்தன நிமிசம் நின்ன?" என்றார் நாச்சிமுத்து.

"பத்துப் பதினஞ்சு இருக்குமுங்க."

"பதினொன்னு. ஒம்போது நாப்பத்திமூணுல இருந்து ஒம்போது அம்பத்திநாலு. எனக்குத் தெரியும். உன் வாயில இருந்து வருதான்னு பாத்தேன்."

அர்த்தநாரிக்கு ஐம்பத்திரண்டு வயது. முப்பது வருடமாக லாரி ஓட்டுகிறார். நாச்சிமுத்து அவரைவிட நான்கு வயது சின்னவர். இருந்தாலும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் 'நீ'தான்.

"ஆளு ரோட்டுல கெடந்தாருங்க. லாரியக் குறுக்க போட்டு, இருக்கற வெளக்கையெல்லாம் எரிய உட்டு, வேப்பங்கொப்பு ஒன்ன ஒடிச்சுப் பின்னால போட்டுட்டுத்தானுங்க கிட்டவே போனேன்."

லாரிக்காரர்களின் வழக்கம் அது. சாலையில் யாராவது விழுந்து கிடந்தால் முதலில் தன் வண்டியை அவருக்குச் சுவராக நிறுத்த வேண்டும். விளக்கு ஒன்றுகூட அணையக் கூடாது. பச்சைக் கொப்பு ஒன்றைப் பின்னால் போட வேண்டும். ஆளைத் தொடுவது அதற்கப்புறம்தான். யாரும் எழுதி வைத்ததில்லை, ஆனாலும் கிளீனராக ஏறிய முதல் வாரத்திலேயே எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

"வெளக்க ஏன் எரிய உட்ட?"

"பின்னால வர்றவன் அவுரு மேலயே ஏத்திப் போடுவானுங்களே!"

"அணைச்சிருந்தா?"

"அணைச்சிருந்தா இந்தப் படத்துல நானே இருந்திருக்க மாட்டேனுங்க. அறுந்துபோன கோடுன்னு ஒரு எச்சரிக்கைக் கடுதாசி வந்திருக்கும், அவ்வளவுதான். அது இங்க வந்துதானுங்க தெரிஞ்சுது."

நாச்சிமுத்து படத்தை அவர் பக்கம் திருப்பித் தள்ளினார். "ஆளு கெடந்தாருங்கற. இதுல ஆளக் காட்டு."

"ஏனுங்க, ஆளே உழாத படமுன்னு நீங்கதானுங்களே ஊரெல்லாம் மைக் வெச்சுச் சொன்னீங்க? இப்ப என்னையக் காட்டச் சொன்னா நான் எங்கீங்க போவேன்?"

"வாய மூடு. படத்துல இல்லாதது ரோட்டுல இல்ல. இருக்கறது உன் முடிச்சு. அந்த எடத்துல நின்ன வண்டி உன்னுது ஒன்னுதான். செத்த ஆளத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனவனும் நீதான். அடிச்சவன்தான்யா பயந்துக்கிட்டுத் தூக்கிட்டு ஓடுவான். அடிக்காதவன் எவன் நிப்பான்?"

"அடிக்காதவனும் நிப்பானுங்க," என்றார் அர்த்தநாரி. "நான் நின்னனே."

பின்னால் ஒரு பெஞ்சு சாய்ந்தது. செத்துப்போன காளியண்ணனின் மனைவி எழுந்து வந்தாள். காளியண்ணன் தறிப்பட்டறையில் ஷிப்ட் முடித்து நடந்து வந்தவர். அவள் செருப்பைக் கழற்றி அர்த்தநாரியின் முகத்தில் அடித்தாள். "என்ற புருசனக் கொன்னுபோட்டு, தூக்கிட்டுப் போய் நாடகமாடுனியாடா? உன்ற குடும்பம் வெளங்குமாடா?" என்று கத்தினாள். காவலர் அவளை இழுத்துப் போவதற்குள் இரண்டாவது அடியும் விழுந்துவிட்டது. அர்த்தநாரி கையை உயர்த்தித் தடுக்கவில்லை. "அம்மா, அவுரு தண்ணி கேட்டாருங்க, நான் குடுத்தேனுங்க" என்று மட்டும் சொன்னார். அது அவள் காதில் விழவில்லை. விழுந்தாலும் நம்பியிருக்க மாட்டாள்.

திங்கட்கிழமை தீர்ப்பு. அதற்குள் படிப்பாளரின் அறிக்கை வேண்டும். முடிச்சு உறுதியானால் அர்த்தநாரியின் விளக்குகளுக்கு ஒன்பது மாதம் சீல். இரவில் ஓட்ட முடியாத லாரிக்கு எவன் லோடு தருவான்? அதைவிட, உயிர் பறித்த ஓட்டுநர்கள் பட்டியலில் பெயர் ஏறும். அந்தப் பட்டியல் ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் பெரிய எழுத்தில் ஓடும். ஒன்பது மாதம் கழித்து விளக்கு திரும்பி வரும், பெயர் மட்டும் பட்டியலை விட்டு இறங்காது.

சனிக்கிழமை அலுவலகத்தில் ஆள் இல்லாத நேரத்தில் சிந்துஜா மூலப்படத்தைத் திறந்தாள். அதை யாரும் திறப்பதில்லை. இழைபிரிப்பான் பிரித்துக் கொடுப்பதைப் படித்தாலே போதும் என்று பழகிவிட்டார்கள். அந்த இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு. நம் சாலைகளில் பள்ளத்துக்குப் பஞ்சமில்லை, வண்டிகள் ஒதுங்கி ஒதுங்கித்தான் போகும். அந்தச் சின்ன வளைவுகளையெல்லாம் கணக்கில் எடுத்தால் வேலை நடக்காது என்று, அவற்றைத் தானே நேராக்கிக் கொடுக்கும்படி அதற்குச் சொல்லி வைத்திருந்தார்கள்.

மூலப்படத்தில் கோடுகள் நேராக இல்லை. வளைவு தாண்டி நாற்பது மீட்டரில், அர்த்தநாரியின் முடிச்சுக்குச் சற்று முன்னால், சிவப்புக் கோடுகள் எல்லாம் ஒரே இடத்தில் வலப்பக்கம் ஒதுங்கி, திரும்பவும் உள்ளே வந்து சேர்ந்தன. நடுவில் ஓர் ஆள் நீளத்துக்கு வெற்றிடம் இருந்தது. அங்கே பள்ளம் கிடையாது, முந்தின வாரம்தான் தார் போட்டிருந்தார்கள்.

அவள் வெட்டுகளை எண்ணி நேரத்தைப் படித்தாள். ஒன்பது இருபது வரை கோடுகள் நேர். ஒன்பது இருபத்தொன்றிலிருந்து வளைவு. அர்த்தநாரி வந்து நின்றது ஒன்பது நாற்பத்துமூன்று. நடுவில் இருபத்திரண்டு நிமிடம், முப்பத்தேழு வண்டிகள். முப்பத்தேழும் அந்த வெற்றிடத்தைச் சுற்றிக்கொண்டு போயிருந்தன. ஒன்றுகூட வேகத்தைக் குறைக்கவில்லை.

அடக்கடவுளே, அந்த மனிதர் சொன்னது அத்தனையும் நிஜம் என்று அவளுக்குப் புரிந்தது. முதலில் வந்தது சந்தோஷம்தான், அதை மறுக்கக் கூடாது. திங்கட்கிழமை அவரை விடுவித்துவிடலாம், அந்த அம்மாளிடமும் சொல்லிவிடலாம் என்று வேகவேகமாக ஒவ்வொரு வண்டியின் எண்ணையும் எழுத ஆரம்பித்தாள். பத்தொன்பதாவது எண்ணை எழுதும்போது பேனா நின்றது. ஒன்பது முப்பத்திரண்டு. அது அவளுடைய சொந்தக் கார்.

செவ்வாய்க்கிழமை அவள் தாமதமாகத்தான் கிளம்பினாள். வளைவு தாண்டியதும் சாலையில் என்னவோ கிடந்தது. சாக்கு மூட்டை என்று நினைத்தாள். நினைத்தாளா, அப்படி நினைத்துக்கொண்டாளா? மூட்டை அசைந்த மாதிரிகூட இருந்தது. நின்றால் முடிச்சு விழும், முடிச்சு விழுந்தால் விசாரணை வரும், இழை அலுவலகத்துக்காரியே முடிச்சு போட்டாளா என்று சிரிப்பார்கள் என்று அரை நொடியில் எல்லாம் ஓடி முடிந்து, கை தானாக ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்திருந்தது.

திங்கட்கிழமை காலை அவள் மூலப்படத்தை நாச்சிமுத்துவின் மேசையில் விரித்தாள். தன் கார் எது என்று மட்டும் சொல்லவில்லை.

அவர் ரொம்ப நேரம் பார்த்தார். முட்டாள் இல்லை அவர். எல்லாம் புரிந்துகொண்டுதான் தலையை நிமிர்த்தினார். "என்ன சொல்ல வர்ற சிந்துஜா?"

"சார், ஆள் அதுக்கு முன்னாடியே விழுந்து கிடந்திருக்காரு. இந்த ஒன்பது இருபது கார் கடைசியா நேராப் போயிருக்கு. அடிச்சது அதுவா இருக்கலாம். பிரேக்கே போடல."

"அந்தக் காருக்கு மூணு வருசமாத் தூய இழைச் சான்று குடுத்திருக்கறோம். முடிச்சில்ல, வளைவில்ல. சுத்தமான கோடு."

"அதனாலதான் சார் சொல்றேன்!"

"சத்தம் போடாத. வளைவு சாட்சின்னு இன்னைக்கு எழுதுனா என்ன ஆகும் தெரியுமா? முப்பத்தேழு பேரும் நாளைக்கு இந்தப் பெஞ்சுல உக்காரோணும். ஆளு சாகக் கெடக்கறப்ப பாத்துட்டே போனவங்க. இதோட போகுமா? அஞ்சு வருசப் படத்தையும் தோண்டுவாங்க. இந்த மாவட்டத்துல ராத்திரி வண்டி ஓட்டுன எவனும் மிஞ்ச மாட்டான். நான் மிஞ்ச மாட்டேன்." கொஞ்சம் நிறுத்தி அவள் முகத்தையே பார்த்தார். "நீ மிஞ்சுவியா?"

அவள் படத்தைச் சுருட்டத் தொடங்கினாள்.

"அப்பறம் என்ன? ஒரு லாரிக்காரன் ஒம்போது மாசம் சும்மா இருந்தா உலகம் ஒன்னும் முழுகிப் போகாது. எழுது."

அவள் எழுதினாள். 'வளைவுகள் சாட்சியாகா. முடிச்சுக்கு முன் படத்தில் மனிதர் எவரும் இல்லை.' கீழே கையெழுத்தும் போட்டாள். அன்று மத்தியானம் அர்த்தநாரியின் லாரி விளக்குகளில் கறுப்புத் தகடு அடித்துச் சீல் வைத்தார்கள்.

அந்தத் தீர்ப்பு லாரிப்பேட்டைகளில் பரவ ஒரு வாரம்கூட ஆகவில்லை. நின்றவன் மாட்டிக்கொண்டான் என்று பெட்ரோல் பங்க்கில் பேசினார்கள், டீக்கடையில் பேசினார்கள். கிளீனராக ஏறுகிற பையன்களுக்கு முதல் வாரத்தில் சொல்லிக்கொடுக்கும் பாடம் மாறிப்போனது. யார் விழுந்து கிடந்தாலும் ஒதுங்கிப் போ, நிற்காதே. கார்க்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை, அவர்கள் என்றைக்கு நின்றார்கள்?

படங்கள் சுத்தமாகத் தொடங்கின. மாதத்துக்கு நாற்பது முடிச்சு விழுந்த இடத்தில் பத்து விழுந்தது, அப்புறம் இரண்டு. விடிந்ததும் சாலையோரத்தில் கண்டெடுக்கும் உடல்கள் கூடிக்கொண்டே போயின. அது வேறு அலுவலகத்தின் வேலை, வேறு பதிவேடு. இரண்டு பதிவேட்டையும் ஒன்றாக வைத்துப் பார்க்கிற ஆள் எந்த அரசாங்கத்தில் இருக்கிறான்? பதினோராவது மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது மாவட்டம் முழுக்க அந்த மாதத்தில் ஒரு முடிச்சுகூட இல்லை. 'முடிச்சில்லா மாவட்டம்' கேடயம் கிட்டத்தட்ட கைக்கு வந்துவிட்டது. நாச்சிமுத்து கேடயம் வைக்க அலுவலகச் சுவரில் ஆணிகூட அடித்துவிட்டார்.

அந்த வாரம் புதன்கிழமை வெள்ளைப்பாறை நெடுங்கண் தட்டில் சிலந்தி வலை கட்டியிருக்கிறது என்று தகவல் வந்தது. கறை விழுந்தால் கேடயம் போய்விடுமே! வேறு யாரையும் நம்பாமல் அவரே கிளம்பினார். இரவு எட்டு மணிக்குச் சாலையோரம் காரை நிறுத்தினார். தானே எழுதிய விதிப்படி விளக்கை அணைத்தார். போனை அணைத்து டாஷ்போர்டுக்குள் வைத்தார். டார்ச் எடுக்கவில்லை. இருட்டில், கறுப்புச் சட்டையோடு, எதிர்ப்பக்கக் கம்பத்தை நோக்கிச் சாலையைக் கடந்தார்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் வண்டிக்காரர் ஒருவர் அவருடைய உடலைப் பார்த்துச் சொன்னார். விடிந்த பிறகு நிற்பதற்கு யாருக்கும் பயமில்லை, நெடுங்கண் மூடியிருக்கும். உயிர் போனது அதிகாலை மூன்று மணிக்கு மேல்தான் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள்.

படம் சிந்துஜாவிடம் வந்தது. இழைபிரிப்பான் பிரித்துக் கொடுத்ததில் எல்லாக் கோடுகளும் நேர், ஒரு முடிச்சும் இல்லை. அவள் கதவைச் சாத்திவிட்டு மூலப்படத்தைத் திறந்தாள். முதலில் தன் காரின் கோடு இருக்கிறதா என்றுதான் தேடினாள். இல்லை, அன்று அவள் சீக்கிரமே வீட்டுக்குப் போயிருந்தாள். அப்பாடா என்று மூச்சு விட்டாளே, அந்த மூச்சுக்காகவே அவளைச் செருப்பால் அடிக்கலாம். அவளும் அதை உணர்ந்துதான் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

எட்டு பதினாறில் ஒரு கோடு நேராகப் போயிருந்தது. அதற்கப்புறம் வந்த கோடுகளெல்லாம் வளைந்தன. ஐந்நூற்றுப் பன்னிரண்டு வண்டிகள். வெற்றிடம் ஒரே இடத்தில் நிற்கவில்லை. எட்டரைக்கு அது நடுக்கோட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. பத்து மணிக்கு ஓரமாகக் கொஞ்சம் தள்ளியிருந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் கொஞ்சம். அவர் ஊர்ந்திருக்கிறார்! நான்கு மணி நேரத்தில் மூன்றடி. சாலையின் விளிம்பை அவர் தொடவே இல்லை.

ஒவ்வொரு கோடாகப் படித்துக்கொண்டே வந்தவள் பத்து ஐம்பத்திரண்டில் நின்றாள். ஒரு லாரி. தூரத்தில் அதன் வெட்டுகள் நீளமாக இருந்தன, ஐம்பது கிலோமீட்டர் வேகம். வெற்றிடத்தை நெருங்க நெருங்க வெட்டுகள் குறுகி, ஒன்றோடொன்று நெருக்கியடித்து, கிட்டத்தட்ட ஒட்டிக்கொண்டன. எட்டு கிலோமீட்டர், நான்கு நொடி. இன்னும் கொஞ்சம் குறைந்திருந்தால் முடிச்சு. பிறகு வெட்டுகள் மறுபடி நீண்டன. மற்ற ஐந்நூற்றுப் பதினோரு பேரும் குறைக்காத வேகத்தை இந்த ஒருவர் மட்டும் குறைத்திருக்கிறார். எண்ணைப் படிப்பதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாச்சிமுத்துவின் நாற்காலியில் தற்காலிகமாக அவளைத்தான் உட்கார வைத்திருந்தார்கள். சனிக்கிழமை அர்த்தநாரியை வரச் சொல்லி ஆள் அனுப்பினாள். அவர் வந்து நின்றார். விளக்குச் சீல் பிரித்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஆள் பாதியாக இளைத்திருந்தார். உட்காரச் சொன்னாள். உட்காரவில்லை.

"நின்னுக்கறேனுங்க. இங்க உக்காந்தா எந்திரிக்க ஒம்போது மாசம் ஆகுது."

அவள் படத்தை அவர் பக்கம் திருப்பினாள். "புதன்கிழமை ராத்திரி பத்து ஐம்பத்திரண்டு. இது உங்க வண்டிதானே அண்ணா?"

"ஆமாங்க."

"வேகத்தைக் குறைச்சிருக்கீங்க. நாலு நொடி. ஏன் நிக்கல?"

"நிக்காதது குத்தமுங்களா?"

"இல்ல."

"ஒதுங்கிப் போனது குத்தமுங்களா?"

"இல்ல. நான்... தெரிஞ்சுக்கத்தான் கேக்கறேன். அவருக்கு உயிர் இருந்ததா?"

அர்த்தநாரி மேசை மேல் இருந்த தண்ணீர் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பேசினார். "கையத் தூக்குனாருங்க. மூஞ்சி தெரியல. கை மட்டும் வெளக்குல தெரிஞ்சுது. கால் தானா பிரேக்குக்குப் போயிருச்சு. முப்பது வருசப் பழக்கமுங்களே! கதவத் தொறக்கக் கைய வெச்சுட்டேன். அப்ப அந்தம்மா செருப்புல அடிச்ச எடம் இருக்குது பாருங்க," என்று கன்னத்தைத் தொட்டார், "அது எரிஞ்சுதுங்க. கியரப் போட்டுட்டுப் போயிட்டேன். காலையிலதான் யாருன்னு சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா நின்னிருப்பேனான்னு என்னைக் கேக்காதீங்க."

"நீங்க நின்னிருந்தா பிழைச்சிருப்பாரு."

"நின்னிருந்தா என்னையத் தூக்குல போட்டிருப்பீங்க."

அவர் பிறகுதான் படத்தைச் சரியாகப் பார்த்தார். நரம்போடிய கையால் கோடுகளைத் தொட்டு, அவை ஒதுங்குகிற இடத்தில் நிறுத்தினார். அந்த வெற்றிடத்தைச் சுற்றி விரலை ஒருமுறை ஓட்டினார். மெதுவாக நிமிர்ந்தார்.

"ஏனுங்க அம்மிணி, ஆளு கெடந்தது இதுல தெரியுதுங்களே!"

எவ்வளவு பெரிய தப்பு செய்துவிட்டோம் என்று சிந்துஜாவுக்கு அப்போதுதான் உறைத்தது. நியாயம் கேட்கக் கூப்பிட்டு, படிக்கவும் கற்றுக்கொடுத்துவிட்டாள்.

"என்ற படத்துலயும் இப்பிடித்தான் ஒதுங்கியிருந்துச்சுங்களா?"

அவள் படத்தின் மேல் கையை வைத்து மறைத்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமுங்களா?"

மின்விசிறி கடகடவென்று ஓடியது. வாசலில் காவலர் யாரிடமோ சத்தமாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அதுவே பதிலாகிவிட்டது.

"எத்தன பேருங்க?"

"முப்பத்தேழு."

"முப்பத்தேழு," என்று அவர் சொல்லிப் பார்த்தார். "நீங்களும் அந்த வழியாத்தானுங்களே வீட்டுக்குப் போறது? அன்னைக்கு விசாரணையில மத்த எல்லாருமே என்ற மூஞ்சியப் பாத்தாங்க. நீங்க மட்டும் பாக்கலைங்க. ஏன்னு இத்தன மாசமா எனக்கு வெளங்கல."

"அண்ணா, நான் திருத்தி எழுதறேன். பட்டியல்ல இருந்து உங்க பேரை..."

"எழுதுவீங்களா? எழுதுனா வளைவு சாட்சின்னு ஆயிரும். அப்பறம் அந்த முப்பத்தேழு பேரும் வருவீங்க. புதன்கிழமை போன ஐந்நூறு பேரும் வருவோம். முன்னால நிக்கறது நானாத்தான் இருப்பேன். நிதானிச்சுப் பாத்துட்டுப் போனவன் நான் ஒருத்தன்தானுங்களே! மத்தவனெல்லாம் மூட்டைன்னு நெனச்சேம்பான்." அவர் சிரித்தார். பார்க்கச் சகிக்காத சிரிப்பு அது. "நின்னதுக்கும் நான், நிக்காததுக்கும் நான். நல்லா இருக்குதுங்க உங்க படம்."

வாசல் வரைக்கும் போனவர் திரும்பினார்.

"காளியண்ணன் தண்ணி கேட்டாருன்னு சொன்னேனுங்களே, அதையாவது அந்தம்மாகிட்டச் சொல்லிருங்க. நான் சொன்னா நம்ப மாட்டாங்க. அப்பறம் ராத்திரி போறப்ப கையில எப்பவும் ஒரு வெளக்கு வெச்சுக்கோங்க அம்மிணி. வெளக்கில்லாத ஆள நாங்க இப்பெல்லாம் பாக்கறதில்லீங்க."

அவர் போனபிறகு சிந்துஜா படத்தைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாயங்காலம் நாச்சிமுத்துவின் மகன் வந்து நிற்பான். அப்பாவை அடித்தது யார், பார்த்துக்கொண்டே போனவர்கள் யார் என்று கேட்பான். பதில் அவள் மேசையில் விரித்தபடி இருந்தது, எட்டு பதினாறுக்கு நேராகப் போன ஒற்றைக் கோடும், அதற்கப்புறம் வளைந்த ஐந்நூற்றுப் பன்னிரண்டும். அவள் பேனாவை எடுத்தாள். போன வருடம் எழுதிய வாக்கியத்தையே, நேரத்தை மட்டும் மாற்றி, எழுதினாள். படத்தில் மனிதர் எவரும் இல்லை.

அடுத்த மாதம் கேடயம் வந்தது. நாச்சிமுத்து அடித்து வைத்த ஆணியில் அதை மாட்டினார்கள். பக்கத்திலேயே, அந்த வருடத்தின் மிகச் சுத்தமான படம் என்று தலைநகரத்தில் தேர்ந்தெடுத்த மூலப்படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு வைத்தார்கள். பார்க்க வருகிறவர்கள் எல்லோரும், ஐந்நூறு கோடுகளும் ஒரே இடத்தில் இவ்வளவு அழகாக வளைந்து போகின்றனவே, எப்படி எடுத்தீர்கள் என்று கேட்கிறார்கள். அதை விளக்கிச் சொல்கிற வேலை சிந்துஜாவுடையது.